மின்னோட்டத்தை அளந்த கதை

நெல்லை மரக்காலாலும், பாலைப் படியாலும், பூவை முழத்தாலும், பொன்னைத் துலாக்கோலாலும் அளந்து வந்தனர் நம் முன்னோர். இவையெல்லாம் கண்ணால் காணத்தக்க பொருள்கள். கையால் எடுத்துப் பார்க்கத்தக்கவை. ஆனால், ஒரு செப்புக் கம்பியினுள் ஓடும் மின்சாரத்தை எவ்வாறு அளப்பது? அஃது ஓடும்போது கம்பி அசைவதில்லை, நிறம் மாறுவதில்லை, எடையும் கூடுவதாகத் தெரிவதில்லை. தொட்டுப் பார்த்து அறியலாம் என்று துணிவோமாயின், அறிந்ததைச் சொல்ல நாம் இருப்போமா என்பதே ஐயம். இத்தகைய ஒன்றைத் துல்லியமாக அளக்க மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான் என்பது சுவை மிக்க ஒரு வரலாறாகும்.

மின்னோட்டம் என்பது யாது? உலோகக் கம்பியினுள் எலெக்ட்ரான்கள் என்னும் மிக நுண்ணிய துகள்கள் எண்ணிறந்தன உள்ளன. மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் அத்துகள்கள் ஒரு திசை நோக்கி நகர்கின்றன. ஆற்றின் குறுக்கே ஓரிடத்தில் நின்று, ஒரு வினாடியில் எவ்வளவு நீர் கடந்து செல்கிறது என்று கணக்கிடுவது போல, கம்பியின் ஓரிடத்தை ஒரு வினாடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்று கணக்கிடுவதே மின்னோட்டத்தின் அளவாகும். இதன் அலகு ஆம்பியர் எனப்படும். ஆறு என்னும் எண்ணுக்குப் பின் பதினெட்டுச் சுழிகளை இட்டால் வரும் எண்ணினும் சற்று மிகுதியான எலெக்ட்ரான்கள் ஒரு வினாடியில் கடந்து சென்றால், அது ஓர் ஆம்பியர். இவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிக்க எவராலும் இயலாது. ஆகவே, மின்னோட்டத்தை நேரே காண முயலாமல், அது செய்யும் செயலைக் கொண்டு அதனை அறிய வேண்டியதாயிற்று. காற்றை நாம் காண்பதில்லை. ஆடும் கிளையைக் கண்டு காற்றை அறிகிறோம் அன்றோ? அது போன்றதே இதுவும்.

அவ்வாறு ஆடிய முதற் கிளை ஒரு திசைகாட்டியின் ஊசியாகும். இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, தொடர்ந்து மின்சாரம் தரும் அடுக்கு மின்கலத்தை 1800-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்து, டென்மார்க்கு நாட்டின் கோப்பன்ஹேகன் நகரில் பேராசிரியராக விளங்கிய ஏர்ஸ்டெட் என்பவர், ஒருநாள் மாணவர்களுக்கு விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். மின்கலத்தோடு இணைத்த கம்பி ஒன்றின் அருகே காந்த ஊசி ஒன்று இருந்தது. கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் ஊசி சிறிதே விலகியது. மின்சாரத்தை நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்தது. விலகல் மிகச் சிறியதாகையால் அவையிலிருந்தோர் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. ஏர்ஸ்டெட்டோ அதனை விட்டுவிடவில்லை. மேலும் வலிய மின்கலத்தைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஆராய்ந்து, 1820-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தம் முடிவை இலத்தீன் மொழியில் அச்சிட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். மின்சாரம் ஓடும் கம்பி தன்னைச் சுற்றி ஒரு காந்தமாக நடந்துகொள்கிறது என்பதே அம்முடிவு.

அச்செய்தி காட்டுத் தீ போலப் பரவியது. பாரிசு நகரில் ஆம்பியர் என்னும் கணித மேதை, சில வாரங்களுக்குள்ளாகவே மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை விதிகளாக வகுக்கத் தொடங்கினார். மின்னோட்டத்தின் அலகு அவர் பெயரால் வழங்குவது இது பற்றியே. செருமனியில் சுவைகர் என்பார், அதே 1820-ஆம் ஆண்டில், கம்பியை ஒரு முறை மட்டும் ஊசியின் அருகே கொண்டு செல்லாமல், பல சுற்றுகளாகச் சுற்றி அதனிடையே ஊசியை வைத்தார். சுற்றுகள் பெருகப் பெருக விலகலும் பெருகியது. மெல்லிய மின்னோட்டமும் இதனால் புலப்பட்டது. கால்வனாமீட்டர் எனப்படும் கருவியின் தொடக்கம் இதுவே. தவளைக் கால்களில் மின்சாரத்தின் செயலைக் கண்ட கால்வானி என்னும் அறிஞரின் நினைவாக அப்பெயர் அமைந்தது.

அளக்கும் கருவி கிடைத்ததும் ஐயங்கள் விலகத் தொடங்கின. செருமனியின் கொலோன் நகரில் பள்ளியாசிரியராக இருந்த ஓம் என்பவர், தம் கையாலேயே அமைத்த கருவிகளைக் கொண்டு, பல நீளமுள்ள கம்பிகளில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுமையுடன் அளந்தார். மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் அதே விகிதத்தில் கூடும். மின்தடை கூடினால் அதே விகிதத்தில் குறையும் என்று கண்டு, 1827-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் நாட்டறிஞர் பலர் அதனை மதித்திலர். மனம் வருந்திய ஓம் தம் பதவியையும் விட்டு விலகினார். ஆயினும், 1841-ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கிப் பெருமை செய்தது. இன்று ஓம் விதியை அறியாத மின் தொழிலாளர் எவருமிலர்.

மின்னோட்டத்தை அளப்பது ஆய்வுக்கூடத்து விளையாட்டு அன்று. பெரும் பொருளும் பல்லாயிரவர் உழைப்பும் அதனைச் சார்ந்து நிற்கும் என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று 1858-ஆம் ஆண்டில் நடந்தது. அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவின் நியூபவுண்டுலாந்துக்கும் இடையே, அட்லாண்டிக் கடலின் அடியில், ஏறத்தாழ இரண்டாயிரம் மைல் நீளத்துக்குத் தந்திக் கம்பி ஒன்றை இட்டனர். பல முறை அறுந்து, பல முறை முயன்று, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள் இரு கரைகளும் இணைந்தன. இங்கிலாந்து அரசியார் அமெரிக்கத் தலைவருக்கு வாழ்த்து அனுப்பினார். அவ்வாழ்த்தில் இருந்தவை 98 சொற்கள். அவை கடலைக் கடந்து சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று!

இவ்வளவு காலம் ஏன்? கடலடிக் கம்பி மிக நீண்டது. ஒரு முனையில் சட்டெனக் கொடுத்த மின்சாரம், மறு முனையில் சட்டென வந்து சேர்வதில்லை. மெல்ல எழுந்து, மெல்ல அடங்கும் சிற்றலையாகவே வந்து சேர்ந்தது. அந்த அலையும் மிக மெலிந்தது. இக்குறையைத் தீர்க்க இருவர் இரு வழிகளைக் கூறினர். நிறுவனத்தின் தலைமை மின்னியலாளரான ஒயிட்ஹவுஸ், அனுப்பும் மின்சாரத்தை மேலும் வலியதாக்க வேண்டும் என்றார். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன், மின்சாரம் மெலிந்ததாகவே இருக்கட்டும். அதனை உணரும் கருவி நுண்ணியதாக வேண்டும் என்றார். காது மந்தமானவரோடு பேசும்போது குரலை உயர்த்திக் கூவுவது ஒரு வழி. அவர் காதுக்கு நல்ல கருவி பொருத்துவது மற்றொரு வழி.

ஒயிட்ஹவுஸ் பெரிய கம்பிச்சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ட்டு அழுத்தத்தில் மின்சாரத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே ஆங்காங்குப் பழுதுற்றிருந்த கம்பியின் உறை அதனைத் தாங்கவில்லை. செய்திகள் வரவர மங்கின. இணைப்புக் கிடைத்து ஒரு திங்கள் முடிவதற்குள் கம்பி அடியோடு ஊமையாயிற்று. பல ஆண்டு உழைப்பும் பெரும் பொருளும் கடலடியில் பயனற்றுக் கிடந்தன.

தாம்சன் அமைத்த கருவி எத்தகையது? மிகச் சிறிய கண்ணாடி ஒன்றின் பின்புறத்தில் மெல்லிய காந்தத் துண்டுகளை ஒட்டி, ஒரு பட்டிழையால் கம்பிச்சுருளின் நடுவே தொங்கவிட்டார். கண்ணாடியும் காந்தமும் சேர்ந்து ஒரு குன்றிமணியின் எடையளவே இருந்தன. விளக்கொளி ஒன்று அக்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, எதிரே உள்ள அளவுகோலின் மீது ஒளிப்பொட்டாக விழும். சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பாய்ந்தாலும் கண்ணாடி அணுவளவு திரும்பும். ஒளிப்பொட்டோ விரற்கடைக் கணக்கில் நகரும். ஒளிக்கதிருக்கு எடையில்லை. ஆகவே, எவ்வளவு நீண்ட முள்ளாக அதனைப் பயன்படுத்தினாலும் கருவிக்குச் சுமையில்லை. இதுவே அக்கருவியின் நுட்பம்.

1866-ஆம் ஆண்டில், கிரேட் ஈஸ்டர்ன் என்னும் மாபெருங் கப்பலின் துணையால் புதிய கம்பி ஒன்று வெற்றியாக இடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் நடுக்கடலில் அறுந்து மூழ்கிய கம்பியும் மீட்கப்பட்டு முழுமை பெற்றது. அவ்வாண்டு செப்டம்பரில், இலாட்டிமர் கிளார்க்கு என்னும் பொறியியலாளர் ஒரு சோதனை செய்தார். இரு கம்பிகளையும் அமெரிக்கக் கரையில் ஒன்றாக இணைக்கச் செய்தார். கடலின் அடியில் சென்று திரும்பும் வழி ஏறத்தாழ 3,700 மைல் நீளமாயிற்று. தையல் வேலை செய்வோர் ஊசி குத்தாதிருக்க விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் சிறிய வெள்ளி உறை ஒன்றை எடுத்தார். அதில் சில துளி அமிலத்தை விட்டு, ஒரு துத்தநாகத் துண்டை இட்டார். அவ்வளவே அவருடைய மின்கலம்! அச்சிற்றுறை தந்த மின்சாரம் பெருங்கடலை இரு முறை கடந்து திரும்பி வந்து, தாம்சனின் ஒளிப்பொட்டை நகர்த்திக் காட்டியது. இரண்டாயிரம் வோல்ட்டு தவறிய இடத்தில் ஒரு விரலுறை வென்றது. கூவியவர் தோற்றார், கூர்ந்து கேட்டவர் வென்றார். தாம்சனே பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் போற்றிய அறிஞர்.

கண்ணாடிக் கருவி ஆய்வுக்கூடத்துக்கு ஏற்றது. எடுத்துச் செல்ல எளியதன்று. அருகில் இரும்பு இருந்தாலும் அதன் காந்த ஊசி தடுமாறும். 1882-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான தெப்ரே, தார்சொன்வால் என்னும் இருவர் அமைப்பையே தலைகீழாக மாற்றினர். அதுவரை சுருள் நிலையாக நிற்கக் காந்தம் அசைந்தது. இவர்கள் வலிய காந்தத்தை நிலையாக நிறுத்தி, அதன் முனைகளுக்கிடையே மெல்லிய சுருளை அசையவிட்டனர். அமெரிக்காவில் எட்வர்டு வெஸ்டன், நாள்பட்டாலும் வலிமை குன்றாத காந்தங்களைச் செய்து, கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவிகளை உருவாக்கினார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் காணும் முள் உடைய அம்மீட்டர் அவ்வழி வந்ததே.

அதன் உள்ளமைப்பை நோக்குவோம். லாட வடிவுள்ள நிலைக்காந்தம் ஒன்று. அதன் இரு முனைகளுக்கிடையே செவ்வக வடிவான கம்பிச்சுருள் ஒன்று. அச்சுருளின் அச்சில் பொருத்திய முள் ஒன்று. முள்ளை மீண்டும் சுழிக்கு இழுத்து நிறுத்தும் மெல்லிய சுருள்வில் ஒன்று. மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகித் திரும்ப முயல்கிறது. சுருள்வில் அதனைத் தடுக்கிறது. இரண்டும் ஒத்த வலிமை அடையும் இடத்தில் முள் நிற்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் முள்ளின் விலகலும் இரு மடங்காகும்.

இச்சுருள் மிக மெல்லிய கம்பியால் ஆயது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆம்பியர், அதாவது ஒரு மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே முள் அளவுகோலின் கடைசிக்குச் சென்றுவிடும். மிகுதியான மின்னோட்டத்தை இதனால் அளப்பது எவ்வாறு? பெருவெள்ளத்தைப் பேராறு தாங்க, சிறு வாய்க்கால் தன் பங்கை மட்டும் கொண்டு செல்வது போன்ற ஓர் ஏற்பாடு செய்கின்றனர். சுருளுக்குப் பக்கத்தில் மிகக் குறைந்த தடையுள்ள வேறொரு பாதையை இணைக்கின்றனர். அதற்கு இணைத்தடம் என்பது பெயர். எடுத்துக்காட்டாக, சுருளின் தடை 99 ஓம் என்றும், இணைத்தடத்தின் தடை 1 ஓம் என்றும் கொள்வோம். வரும் மின்னோட்டத்தில் நூற்றில் 99 பங்கு இணைத்தடத்தின் வழியே சென்றுவிடும். ஒரு பங்கே சுருளினுள் செல்லும். முன்பு ஒரு மில்லி ஆம்பியரை மட்டும் அளந்த கருவி, இப்போது 100 மில்லி ஆம்பியர் வரை அளக்கும். சிறிய பங்கைக் கண்டு முழுமையைக் கூறும் திறம் இது. ஒரு சோறு பதம் பார்க்கும் முறையும் இத்தகையதே அன்றோ?

அம்மீட்டரைச் சுற்றில் இணைக்கும் முறையை நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். சுற்றை ஓரிடத்தில் வெட்டி, வெட்டிய இரு முனைகளுக்கும் இடையே கருவியை வைக்க வேண்டும். அளக்கப்படும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியே சென்றாக வேண்டும். இதுவே தொடரிணைப்பு. வழியில் நிற்கும் கருவி வழியை அடைக்கலாகாது. ஆகவே அதன் தடை மிக மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். 1.5 வோல்ட்டு மின்கலம் ஒன்றில் 10 ஓம் தடையை இணைத்தால் 0.15 ஆம்பியர் ஓடும். அதனை அளக்க 5 ஓம் தடையுள்ள ஒரு கருவியை இடையே வைத்தால் என்ன நேரும்? மொத்தத் தடை 15 ஓம் ஆகும்; முள் 0.10 ஆம்பியர் என்றே காட்டும். முள் பொய் கூறவில்லை. அப்போது ஓடுவது அவ்வளவே. ஆயினும் நாம் அறிய விரும்பியது கருவியை வைப்பதற்கு முன் ஓடியதையன்றோ? கருவியே அதனை மாற்றிவிட்டது! அளக்க வந்தது அளக்கப்படுவதைக் கெடுத்தலாகாது என்பது அளவியலின் முதல் அறம். 0.01 ஓம் தடையுள்ள நல்ல அம்மீட்டரை வைத்தால் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

தடை குறைவு என்னும் இப்பண்பே அம்மீட்டருக்கு ஆபத்தாகவும் முடியும். அதனை மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நேரே இணைத்தால், தடுப்பார் எவருமின்றி மின்சாரம் வெள்ளமெனப் பாயும், முள் வளையும், சுருள் எரியும். வீட்டு மின்னிணைப்பில் அவ்வாறு செய்தால் தீப்பொறி பறக்கும். கையும் முகமும் கருகும். உயிருக்கே கேடு வரலாம். மின்னழுத்தத்தை அளக்கும் வோல்ட்டுமீட்டரே மிகுந்த தடையுடன் அமைக்கப்பட்டு, இவ்வாறு பக்க இணைப்பில் வைக்கப்படுவது. இன்றைய பல்பயன் மீட்டரில் இரு வேலைகளையும் ஒரே கருவி செய்கிறது. ஆகவே, திருகியை எங்கே நிறுத்தியுள்ளோம், கம்பிகளை எத்துளையில் செருகியுள்ளோம் என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்தல் இன்றியமையாதது. மின்னோட்டத்தின் அளவு தெரியாதபோது பெரிய அளவுகோலிலிருந்து தொடங்கிச் சிறியதற்கு இறங்க வேண்டும். முள்ளைப் படிக்கும்போது நேர் மேலிருந்து நோக்க வேண்டும். சாய்ந்து நோக்கினால் அளவும் சாயும்.

வீடுகளுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுவது. மேற்கூறிய சுருள் அதனோடு மாறி மாறித் திரும்ப இயலாமல் நடுங்கி நிற்கும். அத்தகைய மின்சாரத்தை முதலில் ஒரு திசைப்படுத்தி அளப்பர். அல்லது வேறு வகைக் கருவிகளைப் பயன்படுத்துவர். இடுக்கி போன்ற வாயால் கம்பியை வெறுமனே சுற்றிப் பிடித்து, அதனை வெட்டாமலே மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டரும் இன்று மின் பணியாளர் கையில் உள்ளது. கம்பியைச் சூழ்ந்துள்ள காந்தப் புலத்தையே அது அளக்கிறது. ஏர்ஸ்டெட்டின் ஊசி கண்டதும் அதே புலத்தையே.

இங்கே ஒரு வினா எழலாம். அளக்கும் கருவி சரியானது என்று காட்டும் அளவு எது? 1908-ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய பன்னாட்டு அறிஞர்கள், வெள்ளிநைட்ரேட்டுக் கரைசலில் பாய்ந்து வினாடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியச் செய்யும் மின்னோட்டமே ஓர் ஆம்பியர் என்று வரையறுத்தனர். ஆக, மின்னோட்டத்தையும் ஒரு காலத்தில் துலாக்கோலில் நிறுத்தே கண்டனர்! 1948 முதல், இணையான இரு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசையைக் கொண்டு ஆம்பியர் வரையறுக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு மே 20 முதல், ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டம் என்னும் மாறாத அளவே அதற்கு அடிப்படையாக உள்ளது.

இவ்வளவு நுட்பமும் நம் அன்றாட வாழ்வுக்கு எதற்கு என்று கருதுதல் வேண்டா. கூரையில் சுழலும் விசிறி ஒன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆம்பியரைக் கொள்கிறது. அதனினும் குறைந்த, பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் ஒருவர் மார்பினூடே சிறிது நேரம் பாய்ந்தால் இதயத் துடிப்புக் குலைந்து உயிர் போகக்கூடும். அத்துணைச் சிறிய மின்னோட்டத்தைச் சாதாரண உருகுகம்பி பொருட்படுத்துவதே இல்லை. இதற்கெனவே கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் என்னும் கருவி வீடுகளில் பொருத்தப்படுகிறது. உள்ளே சென்ற மின்னோட்டத்தையும் திரும்பி வந்த மின்னோட்டத்தையும் அஃது இடையறாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் அளவு வேறுபாடு தோன்றினாலும், எங்கோ, ஒருவேளை ஒரு மனித உடலின் வழியே, மின்சாரம் கசிகிறது என்று கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. ஈரக் கையால் பழுதுற்ற கருவியைத் தொட்ட ஒரு சிறுவன் உயிர் பிழைக்கிறான் எனில், அவனைக் காத்தது வலிமையன்று. சிறியதையும் தவறவிடாத ஓர் அளவே.

கோப்பன்ஹேகன் அவையில் சிறிதே விலகிய ஊசியை ஒருவர் புறக்கணிக்காது நோக்கினார். கடலுக்கப்பாலிருந்து வந்த மெல்லிய அலையை மற்றொருவர் பொறுமையுடன் உணர்ந்தார். அவ்விருவர் வழியில் வந்ததே இன்று உயிர் காக்கும் கருவியும். நாளை ஆய்வுக்கூடத்தில் நீங்கள் அம்மீட்டரைக் கையில் எடுக்கும்போது, இணைப்பை இரு முறை சரிபாருங்கள். முள்ளை நேராக நோக்குங்கள். கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். எதிர்பார்த்த எண் வரவில்லை எனினும் அதனை மாற்றி எழுதாதீர்கள். முள் காட்டும் சிறு விலகலில் ஒரு பேருண்மை மறைந்திருத்தல் கூடும்.

பயிற்சி

1. ஏர்ஸ்டெட் கண்ட உண்மை யாது? அதனைச் சுவைகர் எவ்வாறு வளர்த்தார்?
2. ஒயிட்ஹவுஸ், தாம்சன் ஆகியோரின் வழிகளை ஒப்பிட்டு எழுதுக.
3. அம்மீட்டரின் தடை மிகக் குறைவாக இருத்தல் வேண்டும், ஏன்? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. “அளக்க வந்தது அளக்கப்படுவதைக் கெடுத்தலாகாது” என்னும் கருத்து உங்கள் அன்றாட வாழ்வில் பொருந்தும் இடம் ஒன்றனைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.